இரண்டரைப் பேர் சுகம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இரண்டரைப் பேரும் சுகம். அந்த அரைப் பேர்தான் எங்கள் இருவரையும்விடச் சுறுசுறுப்பு. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா? நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழிக்கிறவளிடம் ‘காலுக்கு ஓய்வு கொடு’ என்று எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எட்டு மாதம் முடிந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தினேன் என்பதைவிட வயிறு நிறுத்திவிட்டது என்பதுதான் சரி. லென்ஸ் தேய்க்கிற சக்கரத்துக்கும் எனக்கும் நடுவில் அது வந்து உட்கார்ந்துகொண்டது, கை எட்டவில்லை. கண்ணாடிக்கடை முதலாளி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், “நீ தேய்க்கிற லென்ஸ் எல்லாம் ஒரு பக்கமா சாயுது. போய் நல்லபடியா பெத்துட்டு நிமிர்ந்து வாம்மா” என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. பழைய பருத்தித் துணிகளையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்து, வெந்நீரில் அலசி வைத்திருக்கிறேன். எங்கள் பேக்கரிக்கு மேல்மாடியில் குடியிருப்பதால் காயப்போடுகிற இடம் புகைபோக்கிக்குப் பக்கத்தில்தான். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, ஆனால் குழந்தைத் துணி முழுக்க ரொட்டி வாசனை. “எங்க தொலைஞ்சாலும் மோப்பம் பிடிச்சே கண்டுபிடிச்சுடலாம்” என்கிறார் இவர்.

ஆஸ்பத்திரிப் பையும் தயார். முன்பக்கம் பொத்தான் வைத்த இரண்டு நைட்டி, வழுக்காத செருப்பு, துண்டு, சீட்டுகள். ரொட்டி ஏற்றும் வேனை இவர் ஆஸ்பத்திரிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ரயில்வே கேட் திறந்திருந்தால் பதினோரு நிமிடம், மூடியிருந்தால் பத்தொன்பது. இதைச் சாக்பீஸால் அடுப்பு அறைக் கதவில் எழுதி வைத்திருக்கிறார்.

டாக்டர் சொன்ன தேதி மார்ச் பத்து. நீ பிப்ரவரி கடைசியிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய். எங்கள் இரண்டு பக்கத்திலும் அம்மா இல்லை. அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் நீதான் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல வரவில்லை. எந்த ரயில் என்று மட்டும் எழுது. டிப்போவுக்குப் போன் பண்ணினால் முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே கடிதமே போடு.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை,
வாலு

◆

பிப்ரவரி 10

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்த நாள் முழுக்க என் பையிலேயே இருந்தது. மூன்று தரம் படித்தேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்குக் குறைவில்லை என்பதை எழுத்திலேயே பார்க்கிறேன்.

துணி தைத்தது, பை கட்டியது எல்லாம் சரி. பையில் ஒரு சீப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தாயா? நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடி. நீ சின்ன வயதில் அதில் சறுக்கித்தான் பழக்கம், பிடித்துப் பழக்கமில்லை.

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இந்த மாதம் முதல் ஆபீஸ் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் கண்டக்டர்களுக்கு டிக்கெட் கட்டுகளைக் கொடுத்து, மாலையில் மிச்சத்தை வாங்கி வைப்பது. நாற்காலி, மேலே மின்விசிறி. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என் தரை ஆடாமல் நிற்கிறது. சில நேரம் அதுவே தலைசுற்றலாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். உனக்கு ஆரம்பத்தில் ரொட்டி வாசனையே ஆகாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தாயே, அது எந்த மாதத்தில் சரியாயிற்று? என்ன செய்தாய்? இங்கே டிப்போவில் ஒரு பெண்ணுக்கு டீசல் வாசனை பட்டால் குடலே வெளியே வருகிற மாதிரி இருக்கிறதாம். கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

ரயில் விஷயம் பிறகு எழுதுகிறேன். லீவு பற்றி இன்னும் பேசவில்லை. தம்பியிடம் வேனை மெதுவாக ஓட்டச் சொல். பதினோரு நிமிடம் பதின்மூன்றானால் குடி முழுகிவிடாது.

உன் சுகத்தையே நினைத்திருக்கும்,
அக்கா

◆

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருப்பதே இரண்டு பேர். அதில் ‘எல்லோரும் சுகம்’ என்று ஊரையே கூட்டிவிட்டாய். இங்கே சுகம்தான், ஒன்றைத் தவிர. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் சிரிக்க ஒன்று. குழந்தையைத் தூக்கிப் பழக வேண்டும் என்று இவருக்கு ஒரே கவலை. இதுவரை கைக்குழந்தையைத் தொட்டதே இல்லையாம். முந்தாநாள் மூன்று கிலோ மாவை நிறுத்து, துண்டில் சுற்றி, தலைப்பக்கம் எது கால்பக்கம் எது என்று தீர்மானித்துக்கொண்டு, இடது கையில் ஏந்தி அறைக்குள் நடந்தார். நன்றாகத்தான் தூக்கினார். ஆனால் ஈஸ்ட் போட்ட மாவு. என் வயிறு பற்றிப் பேச்சு வளர்ந்து முக்கால் மணி நேரம் போனதில், ‘குழந்தை’ துண்டைத் தாண்டிப் பொங்கி அவர் முழங்கை வழியாக வழிய ஆரம்பித்துவிட்டது. “இவ்ளோ சீக்கிரமா வளரும்னு யாரும் சொல்லலையே” என்று நின்றாரே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் டிப்போ பெண்ணுக்கு: எனக்கு மூன்றாம் மாத முடிவில் சரியாயிற்று. காலையில் எழுந்ததும் எதையாவது வறட்சியாகக் கடித்துவிட்டு, பிறகு தலையைத் தூக்கச் சொல். எலுமிச்சைத் தோலைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்ளச் சொல். பாவம், டீசல் ரொட்டியைவிட மோசம்.

சன்னலோரத்தில் உனக்கு ஒரு கட்டில் போட்டாயிற்று. கீழே அடுப்பு இருப்பதால் தரை எப்போதும் வெதுவெதுப்பு. உன் முழங்காலுக்கு நல்லது.

இப்போது அந்த ஒன்று. நேற்றுப் பரிசோதனையில் குழந்தை தலைகீழாக இல்லாமல் நேராக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். தலை மேலே, பின்பக்கம் கீழே. தலைமை நர்ஸ், “இன்னும் நாள் இருக்கு, திரும்பிடும். அடம் பிடிச்சா ஆபரேஷன், அவ்வளவுதான்” என்றாள். அவளுக்கு அது அவ்வளவுதான். நான் தினம் இரண்டு வேளை முழங்காலும் முழங்கையும் ஊன்றி, தலையைத் தாழ்த்திக்கொண்டு கால் மணி நேரம் கிடக்க வேண்டும். இவரும் பக்கத்தில் அதே மாதிரி கிடந்து துணைக்கு இருக்கிறார். யாராவது கதவைத் திறந்தால் என்ன நினைப்பார்களோ.

இவரிடம் நான் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சீக்கிரம் வா.

ரயில் தேதியை எதிர்பார்க்கும்,
வாலு

◆

பிப்ரவரி 21

அன்புள்ள வாலுக்கு,

நீயும் தம்பியும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை எனக்கு.

குழந்தை திரும்பிவிடும். நீ பிறக்கிறபோதும் கடைசிவரை குறுக்கே கிடந்து எல்லோரையும் அலைக்கழித்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பினாய் என்று அம்மா சொல்வாள். உன் குழந்தை வேறெப்படி இருக்கும்?

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். என்னால் வர முடியவில்லை. டிப்போவில் ஆள் குறைவு. ஆபீஸிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். என் பழைய புடவைகளில் நைந்து பட்டுப்போல் ஆனவற்றைத் துணிக்காகக் கிழித்திருக்கிறேன். கம்பளித் தொப்பி இரண்டு, காலுறை மூன்று ஜோடி. நாற்காலி வேலையில் கை சும்மா இருப்பதால் பின்னினேன். ஒரு காலுறை மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், கண்டுகொள்ளாதே.

தைரியமாக இரு.

அக்கா

◆

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. நாங்கள் சுகம்.

பதினாறு வருஷத்தில் நீ எடுத்த லீவு எத்தனை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்காக எடுத்தது, அதற்கு முன் உனக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படுத்தபோது எடுத்தது. அவ்வளவுதான். உனக்கா லீவு இல்லை? டிப்போ மேனேஜரே உன்னைக் கண்டால் எழுந்து நிற்பார் என்று அத்தான் கேலி செய்வாரே.

உனக்கு வர மனமில்லை என்றால் அப்படியே எழுதியிருக்கலாம். என் வயிற்றைப் பார்க்க உனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று இந்த எட்டு மாதத்தில் நான் நினைக்காத நாள் இல்லை. அதனாலேயே நான் முதலில் உனக்குச் சொல்லத் தயங்கினேன். நீதான் போனிலேயே அழுது, ‘நான் வந்து பார்த்துக்கிறேன்டி’ என்றாய். நானாகக் கேட்கவில்லை.

குழந்தை இன்னும் திரும்பவில்லை. கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன்.

வாலு

◆

மார்ச் 2

அன்புள்ள மச்சினிக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஓரத்தில் இருக்கிற கறுப்பு என் கட்டைவிரல் ரேகை, கிரீஸ். கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், போகவில்லை. நீங்களும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் பிரித்தேன். மன்னிக்க வேண்டும். உங்கள் அக்கா அப்போது வீட்டில் இல்லை. இன்று காலை வந்த பிறகு கொடுத்தேன். படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “அவ கோபம் நியாயம்தான். எதுவும் எழுதாதீங்க” என்றாள். எழுதாதே என்றதால் அவள் தூங்கும்போது ஒர்க்‌ஷாப்பில் வந்து எழுதுகிறேன்.

என்னிடம் அவள் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் விஷயத்தைச் சொல்வதற்கில்லை. சத்தியத்துக்குள் அடங்காததை மட்டும் சொல்கிறேன். நோய் நொடி ஏதும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது. கட்டிலின் கால்பக்கத்தில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். வண்டிக்கு ஜாக்கி போட்ட மாதிரி நிற்கிறது. பன்னிரண்டு மணி நேர ரயில் என்று சொன்னதும் டாக்டரம்மா பார்த்த பார்வையில் நான்தான் வாயை மூடிக்கொண்டேன். லீவு இல்லை என்பது பொய். இப்போது அவள் இருப்பதே லீவில்தான்.

உங்களைப் பார்க்க அவளுக்குக் கஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அந்தத் தொப்பியைப் பின்னும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன்.

எனக்கு எழுதுவதானால் டிப்போ விலாசத்துக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

◆

மார்ச் 6

அன்புள்ள அத்தானுக்கு,

எங்கள் சுகத்தைப் பற்றி அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இது உங்களுக்கு மட்டும்.

செங்கல் விஷயம் புரிந்தது. போன வாரம் ஆஸ்பத்திரியில் கால்பக்கம் உயர்த்திய கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். நாலாம் மாதம், முன்னே இரண்டு தடவை தங்கவில்லை, இப்போது கருப்பை வாயில் தையல் போட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவள்தான் கண்ணுக்கு முன் வந்தாள். பிறகு டீசல் வாசனை ஆகாத டிப்போ பெண் யார் என்பதும் புரிந்தது. நான் எவ்வளவு மக்கு. என் வயிறு என் கண்ணையே மறைத்துவிட்டது.

அக்கா தானாகச் சொல்கிறவரை நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும் என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் சத்தியம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, செங்கல்தான் சொன்னது.

செங்கல் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினி

◆

மார்ச் 6

என் அக்காவுக்கு,

முதலில் சுகம். முழுச் சுகம். குழந்தை திரும்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன்; வயிறு ஒரு பக்கம் கூம்பாக எழும்பி, மெத்தைக்குள் யாரோ புரண்டு படுப்பதுபோல் உருண்டு, அடங்கியது. மறுநாள் தலைமை நர்ஸ் கையை வைத்துப் பார்த்து, “புத்தி வந்துடுச்சு” என்றாள். இவர் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லாமல் ஆளுக்கொரு பன் இனாமாகக் கொடுத்தாராம்.

போன கடிதத்தில் நான் எழுதியதைக் கிழித்துப் போடு. ஒன்பதாம் மாதத்தில் எனக்குக் கால் வீங்குகிறது, அதோடு வாயும் வீங்கியிருக்கிறது. உனக்கு லீவு இல்லையென்றால் இல்லைதான். நீ எங்கே இருந்தாலும் எனக்கு அக்காதான். உன் புடவைத் துணியை முகத்தில் வைத்துப் பார்த்தேன். உன் வாசனை இன்னும் இருக்கிறது. இவ்வளவு பெரிய சண்டைக்கு அப்புறமும் பெரிய காலுறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது எனக்கே பொருந்தும்.

இப்போது பொழுது போகவில்லை. ஆகவே எனக்கு நான்காம் மாதம் எப்படி இருந்தது என்று ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறேன். பிற்பாடு மறந்துபோகும். நோட்டுப் புத்தகம் கையில் இல்லாததால் உன் கடிதத்திலேயே எழுதுகிறேன். நீ படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி.

நான்காம் மாதத்தில் சாப்பாட்டு ருசி திரும்பியது. ஆனால் மூன்று வேளை சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது. ஆறு வேளையாகப் பிரித்தேன், சரியாயிற்று. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு வலி பாதி குறையும். அடிவயிற்றின் பக்கவாட்டில் சுருக்கென்று குத்தும். நான் பயந்து ஓடினேன். உள்ளே இடம் விரிகிறது, அவ்வளவுதான் என்றார்கள். ஒவ்வொரு குத்தலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கி, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினேன். அதில் இல்லாத எதற்கும் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். பாதி நாள் அந்த முடிவு நின்றது.

படுத்தே கிடக்க நேர்கிறவர்கள் தினமும் கணுக்காலைச் சுழற்ற வேண்டுமாம். இது எனக்குப் பொருந்தாது. நர்ஸ் யாருக்கோ சொன்னதைக் கேட்டேன். எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

அந்த மாதம் முழுக்க எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. உள்ளே ஒன்றும் அசையவும் இல்லை. ‘இருக்கியா, இருக்கியா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் ஐந்தாம் மாதத்தில்தான் வந்தது. பதில் வராததால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை.

நோட்டுப் புத்தகம் வாங்கும்வரை மற்ற மாதங்களையும் இப்படித்தான் எழுதுவேன். பதில் எழுத அவசரப்படாதே.

உன்,
வாலு

◆

மார்ச் 13

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

ரொட்டிக்கடைத் தம்பி எழுதுவது. தந்தி மாதிரி எழுதுகிறேன் என்று உங்கள் தங்கை திட்டுவாள்; எனக்கு இவ்வளவுதான் வரும்.

நேற்று, மார்ச் 12, மதியம் இரண்டு ஐம்பதுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். சுகப் பிரசவம். தாயும் சேயும் சௌக்கியம்.

காலை ஒன்பதுக்கு வலி எடுத்தது. வேனில் ஏற்றினேன். கேட் திறந்திருந்தது. பன்னிரண்டு நிமிடம், நீங்கள் சொன்னபடி மெதுவாகத்தான் ஓட்டினேன். வேலை உடுப்போடு அப்படியே போய்விட்டேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி, முழங்கைவரை மாவு. பிரசவ வார்டில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றார். நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உள்ளே போகும்முன் உங்கள் தங்கை என்னிடம் சொன்னது: “அக்காவுக்கு முதல்ல எழுதுங்க. வலி ரொம்ப இல்லைன்னு எழுதுங்க. பயப்பட ஒண்ணுமில்லைன்னு கண்டிப்பா எழுதுங்க.” உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தை வைத்துப் பார்த்தால் அது உண்மையில்லை. ஆனால் சொன்னதை எழுதிவிட்டேன்.

குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். மாவைவிட லேசாக இருந்தது. எடை அதிகம், ஆனால் லேசு. எப்படி என்று தெரியவில்லை.

உங்கள் இருவர் சுகத்தையும் வேண்டுகிற,
தம்பி

◆

மார்ச் 20

என் செல்ல வாலுக்கும், பெயர் வைக்காத என் மகளுக்கும், தம்பிக்கும்,

இங்கேயும் இரண்டரைப் பேர் சுகம்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்கு மூன்று காகிதம் கிழித்தேன்.

உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஒன்பதாம் மாதத்தில் இருக்கிறவள் பொழுதுபோகவில்லை என்று நான்காம் மாதத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவாளா? கணுக்காலைச் சுழற்றச் சொன்ன இடத்தில் சிரித்துவிட்டேன். ‘இருக்கியா’ என்ற இடத்தில் அழுதேன். உன் அத்தானைக் கூப்பிட்டு, “என்ன சொன்னீங்க அவகிட்ட” என்றேன். “செங்கல் சொல்லிச்சாம்” என்றார். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

இப்போது பதினைந்து வாரம். மார்ச் முதல் தேதி தையல் போட்டார்கள். நன்றாகப் பிடித்திருக்கிறதாம். டாக்டரம்மா செப்டம்பர் என்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். முதல் தடவை ஆறாம் வாரத்திலேயே ஊர் முழுக்கச் சொன்னேன். டிப்போவில் சொன்னேன், பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்களிடம் சொன்னேன், காய்கறிக்கடை அம்மாவிடம் சொன்னேன். அப்புறம் சொன்ன ஒவ்வொருவரிடமும் போய், இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். காய்கறிக்கடை அம்மாவுக்கு மட்டும் அது இல்லாமல் போன விஷயம் எட்டவில்லை. ஒரு நாள், “எத்தனாவது மாசம் இப்போ” என்று சிரித்தபடி கேட்டாள். ‘ஆறு’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் இரண்டு வருஷம் அந்தத் தெருவுக்கே போகாமல் சுற்றிப் போனேன். இந்தத் தடவை சொல்வதற்கு ஆளே இல்லாமல் இருந்தால், நாளைக்கு இல்லை என்று சொல்லவும் ஆள் இருக்காது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உன்னுடைய மாதம். உனக்கே குழந்தை திரும்பாமல் பயம். அந்த நேரத்தில் நீ என் வயிற்றை நினைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. வந்து உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நான், என் பயத்தைத் தூக்கி உன் தலையில் வைப்பதா?

நீ கத்தியபோது நான் பக்கத்தில் இல்லை. அது எனக்கு என்றைக்கும் உறுத்தும். தம்பி எழுதிய கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். வலி ரொம்ப இல்லை என்று நீ எழுதச் சொன்னது யாருக்காக என்றும் புரிந்தது.

நிறையத் தூங்கு. குழந்தை தூங்கும்போதே தூங்கிவிடு. பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது.

உன் அக்கா,
அவளுடைய பெரியம்மா

◆

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் அந்த அரைப் பேருக்கும்,

மூன்று பேராகிவிட்ட நாங்கள் சுகம். தூக்கம் மட்டும் இல்லை.

உன் மகள் அத்தான் ஜாடை என்கிறார் இவர். ரத்த சம்பந்தமே இல்லையே என்றேன். “கோபம் வந்தா உதட்டை மடிக்கிறா, இஞ்சின் பிரிச்சுப் போட்ட ஆள் மாதிரி” என்கிறார். காது உன் காது. அது நிச்சயம். அழுகை என்னுடையது, தெருக்கோடி வரை கேட்கிறது. கண்ணாடிக்கடை முதலாளி பார்க்க வந்து, பத்து நிமிடம் தள்ளி நின்றே பார்த்துவிட்டு, “நேரா நிமிர்ந்துட்டே” என்று என்னைத்தான் பாராட்டிவிட்டுப் போனார்.

உன் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. பால் கொடுத்துக்கொண்டே படித்ததில் ஒரு மூலை நனைந்துபோயிற்று. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நல்லதைச் சொல்வதற்கு மட்டும்தான் நான் என்று நினைத்தாயா? போன இரண்டு தடவையும் நீ எனக்கு ‘இல்லைடி’ என்று சொன்ன நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஏதேதோ உளறினேன். இப்போதும் தெரியாதுதான். ஆனால் நீ என்னிடம் எதைச் சொல்லவும் பயப்படக் கூடாது. அதற்கு நான் லாயக்கு.

இப்போது திட்டம். ஆகஸ்ட் முதல் வாரம் நான் அங்கே வருகிறேன். இவளையும் தூக்கிக்கொண்டு. டாக்டரிடம் கேட்டாயிற்று, ஐந்து மாதக் குழந்தை ரயிலில் வரலாம். இவரிடமும் கேட்டாயிற்று, அவர் இரண்டு மாதம் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார். அக்டோபர் வரை நான் அங்கேதான். நீ மறுத்து எழுதினாலும் வருவேன். அதனால் காகிதத்தை வீணாக்காதே.

உள்ளே ஏதாவது அசைந்தால் உடனே எழுது.

உன்,
வாலு

◆

ஏப்ரல் 21

அன்புள்ள வாலுக்கு,

மூவரும் சுகமாக இருங்கள். ஆகஸ்டுக்கு நான் மறுத்து எழுதவில்லை. வா. சீக்கிரம் வந்தாலும் சரி.

சனிக்கிழமை அசைந்தது. பல்லி ஓடியதுபோல ஒரு சிலிர்ப்பு. வாயு என்று நினைத்தேன். திரும்பவும் அதே இடத்தில். உன் அத்தானைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இஞ்சின் சத்தம் கேட்கிற ஆள் மாதிரி காதை வைத்துப் பார்த்தார். அப்புறம், “நீ சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நேற்றுத் தையலைப் பார்த்துவிட்டு, தினம் அரை நாள் நாற்காலி வேலைக்குப் போகலாம் என்றார்கள். செங்கல்லையும் எடுத்தாயிற்று. இன்று முதல் நாள். போகும்போது உன் அத்தான் கூட்டிப்போனார். வரும்போது அவருக்கு ஒரு வண்டியைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. நானே போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். நான் வேலை பார்க்காத தடம் அது. கண்டக்டர் புதுப் பெண், என்னைத் தெரியாது. நல்ல கூட்டம். நான் பெரிய சட்டையும் மேலே ஒரு சால்வையுமாக இருந்ததால் வயிறு யாருக்கும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் திருப்பத்திலேயே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடலாமா என்று யோசித்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன். இந்தத் தடவை வந்தது என் கண்டக்டர் குரல். கடைசி வரிசைவரை கேட்கிற குரல்.

“நான் அஞ்சு மாசம். யாராவது எழுந்து இடம் குடுங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, வாலு. ஒருவர் எழுந்தால் போதும். நாலு பேர் எழுந்தார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். ஐம்பது பேரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் காது சூடாகிவிட்டது. உட்கார்ந்தேன்.

பக்கத்தில் மடியில் பையோடு ஒரு அம்மா. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். “முதல் குழந்தையா?” என்று கேட்டாள்.

“இல்லைங்க. மூணாவது” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, சன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

இங்கே எல்லோரும் சுகம்.

அக்கா